விக்கிய உறுமி

"திருடி யாருன்னு சொல்லியாச்சு மேடம். பிடிக்கிறது மட்டும்தான் உங்க வேலை" என்றார் ஜெயராஜ்.

"திருட்டு நடந்துச்சான்னு பார்க்கிற வேலையும் எங்களுதுதான்" என்றாள் குணேஸ்வரி.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஜெயராஜின் ஒலிப்பதிவுக் கூடம் அங்கேதான் இருந்தது. சுவரெங்கும் பஞ்சு மெத்தை, உறையவைக்கும் ஏர்கோன். குணேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காப்புறுதிக் கம்பெனியில் பதினைந்து வருடம் பொய்யான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளைப் பிடித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கார் ஓட்ட ஆள் தேவை என்று விளம்பரம் செய்தாள். வந்து சேர்ந்தவன் நாகையா. மினிபஸ் கண்டக்டராக இருந்தவன். போன வருடம் கோலாலம்பூரில் மினிபஸ்களை நிறுத்தியபோது அவனும் நின்றுபோனான். கார் ஓட்ட வந்தவன் வாயையும் சேர்த்து ஓட்டத் தொடங்கினான்.

"முழுசாச் சொல்லுங்க" என்றாள் குணேஸ்வரி.

"பாலசுந்தரம் அண்ணன் தீபாவளிக்கு ஒரு ஆல்பம் போடுறார். கேசட் கம்பெனி முதலாளி, தெரியும்ல? அதுக்கு நான் ஒரு உறுமிப் பாட்டு செஞ்சு வச்சிருந்தேன். ஜூன் மாசம் சிவமலர்ன்னு ஒரு பொண்ணு குரல் பதிவு பண்ண இங்க வந்தா. என் பாட்டைக் கேட்டா. போனா. அதையே தன் பாட்டுன்னு அவர்கிட்ட குடுத்துட்டா! இப்ப அவர் கையில ரெண்டு டேப் இருக்கு. ரெண்டும் ஒரே பாட்டு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவ விட்டுட்டுப் போன டேப்பை நான் காப்பி அடிச்சேனாம். கேட்டீங்களா கதையை? நானும் சும்மா விடலை. ரேடியோக்காரங்க, ஆர்கெஸ்ட்ராக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, அவ திருடின்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை பாலசுந்தரம் அண்ணன் இங்க வர்றார். அதுக்குள்ள நீங்க ஆதாரத்தோட வந்தா போதும்."

"பாட்டைப் போடுங்க."

ஜெயராஜ் ஒரு பொத்தானைத் தட்டினார். பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. உறுமி அடிவயிற்றிலிருந்து உரசிக்கொண்டு வந்தது. அதன்மேல் நாதஸ்வரம் ஏறியது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாதஸ்வரம் நீளமாக வழுக்கி இறங்கியபோது, உறுமி ஒரு அடி பிந்தி, தடுமாறி, மறுபடி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. யாரோ விக்கியது போலிருந்தது.

"மேடம், உறுமிக்குத் தண்ணி குடுக்கணும்போல" என்றான் நாகையா.

ஜெயராஜ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது ஃபீலிங்லா தம்பி! காதலி திரும்பிப் பார்க்குறா. பார்த்ததும் நெஞ்சு ஒரு அடி தவறுது. அதைத்தான் உறுமியில வச்சிருக்கேன். உக்காந்து உக்காந்து யோசிச்சது."

"எதுல செஞ்சீங்க?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

அதற்காகவே காத்திருந்தவர்போல ஜெயராஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. "ரீஜென்ட்! பாட்டு செய்யிற சாப்ட்வேர். வெளிநாட்டுப் பெரிய ஸ்டூடியோ எல்லாம் இதுலதான் ஓடுது. இந்தத் துண்டுக்குப் பேர் டாங்கிள். இது இல்லாட்டி ரீஜென்ட் வாயே திறக்காது."

"எங்க மேடத்துக்கு நான் மாதிரி" என்றான் நாகையா.

"உனக்கு மூடத் தெரியாது, அதான் வித்தியாசம்" என்ற குணேஸ்வரி, ஜெயராஜ் பக்கம் திரும்பினாள். "பாட்டு முழுக்க ரீஜென்ட்லயேவா? வெளியே இருந்து வேற எதையாவது சேர்த்தீங்களா?"

"எதுக்குச் சேர்க்கணும்? எல்லாம் உள்ளேயே இருக்கு. உறுமிச் சத்தத்தை மட்டும் நான் பதிவு பண்ணிப் போட்டேன். மத்ததெல்லாம் ரீஜென்ட்."

இதைச் சொல்லும்போது அவர் கண்கள் டாங்கிள்மேல் இருந்தன. அந்தப் பார்வையில் பெருமையைவிட எரிச்சல் கூடுதலாக இருந்தது. குணேஸ்வரி அதைக் கவனித்துக்கொண்டாள்.

*

பிரிக்பீல்ட்ஸில் புது ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. பூமிக்குள் தூண் இறக்கும் இயந்திரம் 'தொம்... தொம்...' என்று இடிக்க, சிவமலரின் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் கூடவே நடுங்கின.

கதவைப் பாதி திறந்தபடியே சிவமலர் கேட்டாள். "ஜெயராஜ் அங்கிள் அனுப்பின ஆளுங்கதானே?"

"வேலை குடுத்தது அவர்தான்" என்றாள் குணேஸ்வரி. "ஆனா காது எங்க காதுதான். உங்க பாட்டையும் கேக்கணும்."

சிவமலருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். கண்கள் சரியாகத் தூங்காமல் சிவந்திருந்தன. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். கம்ப்யூட்டரின் மூடி கழற்றப்பட்டு வயர்கள் வெளியே தொங்கின.

"இதுக்கு டாங்கிள் எங்கே?" என்று பின்னால் எட்டிப் பார்த்தான் நாகையா.

"கிடையாது அண்ணே. என் சாப்ட்வேருக்குப் பேர் ஃபிஞ்ச். ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"இந்தச் சத்தத்துக்கு நடுவுல எப்படிப் பாட்டு?" என்றாள் குணேஸ்வரி.

"இசை எல்லாம் மெஷினுக்குள்ளேயே செஞ்சிடுவேன். குரல்தான் இங்க பதிவு பண்ண முடியாது. பாடுறவங்க வாயைத் திறந்தா தொம்முன்னு விழும். அதனாலதான் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். போனது என் தப்பு." சிவமலர் தொங்கிய வயரொன்றை உள்ளே தள்ளினாள். "ரேடியோவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, என் குரலைக் கேட்டதும் போனை வச்சுட்டாங்க. நான் பகல்ல பெட்டாலிங் ஜெயாவுல ஒரு ஆபீஸ்ல புரோகிராமர். அங்கயும் ஜாடையாக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. திருடின்னு பேர் வந்துட்டா யாருக்கா என்னை அவங்க மெஷினைத் தொட விடுவாங்க?"

குணேஸ்வரி ஸ்பீக்கரைக் காட்டினாள். "பாட்டைப் போடும்மா" என்றாள்.

அதே பாட்டு. அதே வழுக்கல். அதே விக்கல்.

விக்கல் வந்த இடத்தில் சிவமலர் முகத்தைச் சுளித்தாள். "அதை மட்டும் மன்னிச்சிடுங்க. அது என் தப்பு."

"தப்பா?" நாகையா நிமிர்ந்தான். "காதலி திரும்பிப் பார்க்குறா, நெஞ்சு ஒரு அடி தவறுது, அந்த ஃபீலிங் இல்லையா?"

"என்ன ஃபீலிங்? கழித்தல் போட வேண்டிய இடத்துல கூட்டல் போட்டுட்டேன் அண்ணே."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் யாரோ சிரித்துப் பல நாளாகியிருக்க வேண்டும். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று குணேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரீஜென்ட்ல இந்த விக்கல் வராதா?"

"தானா வராது. ரீஜென்ட் பெரிய ஹோட்டல் மாதிரிக்கா. மேசையில உப்பு, மிளகுத்தூள் எல்லாம் வச்சிருப்பாங்க. வேணுங்கிறதைப் போட்டுக்கலாம். எக்கோ வேணுமா, புதுசா ஒரு பியானோ வேணுமா, அதுக்குன்னு ப்ளக்-இன் இருக்கு, சேர்த்துக்கலாம். ஆனா கிச்சனுக்குள்ள விடமாட்டாங்க. தாளத்தை ஓட்டுற கடிகாரம் கிச்சனுக்குள்ள இருக்கு. அதை வெளியாள் யாரும் தொட முடியாது."

"ஃபிஞ்ச்ல?"

"கிச்சனுக்குக் கதவே இல்லை. எழுதினவங்க ஒவ்வொரு வரியையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்காங்க. நான் உள்ளே போய்க் கடிகாரத்தையே மாத்திட்டேன். கோயில்ல உறுமி அடிக்கிறவர் மெஷின் மாதிரியா அடிக்கிறார்? நாதஸ்வரம் வழுக்கும்போது கொஞ்சம் காத்திருந்து, சேர்ந்து இறங்குவார். அந்த மாதிரி, நாதஸ்வரத்தைக் கேட்டுக்கிட்டே தாளம் போற மாதிரி எழுதினேன். எழுதினதுல ஒரு பிழை. வழுக்கல் நீளமாப் போனா விக்கிடும்."

"அப்ப ஹோட்டலே மேலுன்னு சொல்லு" என்றான் நாகையா.

"ஒரு விதத்துல ஆமா அண்ணே. ரீஜென்ட் ஒருநாளும் தீயாது. இது சமயத்துல பாதிப் பாட்டுல கவுந்துடும். நம்மளே சமைச்சா நம்ம கைதான் சுடும்."

அவள் சுட்டியால் நாதஸ்வரத்தை மட்டும் அணைத்தாள். உறுமி விக்கவே இல்லை. நேராக, ஒழுங்காக ஓடியது. மறுபடி நாதஸ்வரத்தைச் சேர்த்ததும் விக்கியது.

"நாதஸ்வரத்தைக் கண்டாத்தான் உறுமிக்கு விக்குது. இது காதலேதான் மேடம்" என்றான் நாகையா.

குணேஸ்வரி அவனைக் கண்டுகொள்ளாமல் சிவமலர் பக்கம் குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தப் பிழை உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

சிவமலர் பதில் சொன்னாள். சரியாக அப்போது வெளியே இயந்திரம் 'தொம்... தொம்... தொம்...' என்று இடித்தது. நாகையாவுக்கு அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. குணேஸ்வரியின் புருவம் மெதுவாக உயர்ந்து, அங்கேயே நின்றது.

படியிறங்கும்போது அவன் பொறுமையிழந்தான். "என்ன சொல்லுச்சு மேடம்?"

"கீழே புத்தகக் கடையில ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கிட்டு வா. உள்ளே சிடி வச்சது."

"நான் கேட்டது வேற."

"உன் கேள்விக்கு டிக்கெட் கிழிச்சாச்சு. இடம் வரும்போது இறங்கு."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்மளைக் கூப்பிட்டவர் யார் பக்கம்?"

"நம்மளைக் கூப்பிட்டது ஜெயராஜ்" என்றாள் குணேஸ்வரி, குடையை விரித்தபடி. "அவர் பண்ணின ஒரே தப்பு அதுதான்னு நினைக்கிறேன். சேச்சே, ரெண்டாவது தப்பு."

*

சனிக்கிழமை மத்தியானம் ஜெயராஜின் கூடத்தில் பாலசுந்தரம் நடு நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குங்குமப் பொட்டு, தங்கக் கடிகாரம், கோபம். மூலையில் சிவமலர். வாசலில் மூச்சு வாங்கியபடி நாகையா. சிவமலரின் கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கி வந்தவன் அவன்தான்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னை முட்டாளாக்கப் பார்த்திருக்கீங்க" என்றார் பாலசுந்தரம். "யாருன்னு தெரிஞ்சா, அந்த ஆள் இந்த நாட்டுல இனி ஒரு விளம்பரத்துக்குக்கூட வாசிக்க முடியாது. மேடம், சொல்லுங்க."

"முதல்ல ஜெயராஜ் சொல்லட்டும்" என்றாள் குணேஸ்வரி. "பாட்டுல உறுமி ஒரு இடத்துல தடுமாறுது. அது எப்படி வந்துச்சுன்னு."

ஜெயராஜ் எழுந்து நின்று சொன்னார். காதலி திரும்பினாள். நெஞ்சு தவறியது. இந்த முறை கூடுதலாகக் கண்ணில் நீரும் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. முழுக்க ரீஜென்ட்ல செஞ்சது?"

"முழுக்க!"

குணேஸ்வரி கையைக் காட்ட, சிவமலர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை ஓடவிட்டாள். அக்கார்டியன். குளிர்தேசத்து மெட்டு, யாரோ பனியில் பூட்ஸ் காலோடு ஆடுவது போல. பின்னால் ஒரு தாளம். அக்கார்டியன் நீளமாக வழுக்கி இறங்கியது. தாளம் ஒரு அடி பிந்தி, தடுமாறி, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது.

பாலசுந்தரம் முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தடவை போடுங்க."

மறுபடியும் விக்கியது. அச்சாக அதே விக்கல்.

"யார் இந்த ஆளு?" என்றார் ஜெயராஜ். அவர் கண்ணில் வந்த நீர் காய்ந்துவிட்டிருந்தது.

"பின்லாந்துல இருக்கார். சிவமலர் ஃபிஞ்ச்ங்கிற இலவச சாப்ட்வேருக்கு எழுதினதைச் சோதிச்சுப் பார்த்தவர். போன டிசம்பர்லருந்து இந்த மெட்டு அவரோட இணையப் பக்கத்துல இருக்கு. சிவமலர் உங்க ஸ்டூடியோவுக்கு வந்தது ஜூன்ல. நான் கேக்குறது இதுதான்: பின்லாந்துல எந்தக் காதலி திரும்பிப் பார்த்தா?"

"அங்க பனி மேடம். வழுக்கி விழுந்திருக்கும்" என்றான் நாகையா.

ஜெயராஜ் தரையைப் பார்த்தார். பிறகு திடீரென்று அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இலவச சாப்ட்வேர்தானே! யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு அந்தப் பொண்ணே அன்னிக்குச் சொல்லுச்சு. நானும் எடுத்தேன், அதுல செஞ்சேன், அதான் எனக்கும் விக்குது. இதுல என்ன திருட்டு?"

"இப்பத்தானே முழுக்க ரீஜென்ட்டுன்னு சொன்னீங்க?" என்றார் பாலசுந்தரம்.

"மறந்துட்டேண்ணே. கொஞ்சம் இதுலயும் செஞ்சேன்."

பாலசுந்தரம் குழம்பிப்போய்க் குணேஸ்வரியைப் பார்த்தார். ஜெயராஜ் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பொதுவில் வைத்ததை எடுத்தவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

குணேஸ்வரி மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "இதைச் சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நாகையா, பத்திரிகை."

நாகையா பத்திரிகையிலிருந்து சிடியைக் கிழித்தெடுத்தான். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதிலிருந்த ஃபிஞ்சை சிவமலர் ஏற்றி, அதே உறுமிப் பாட்டை அதில் ஓடவிட்டாள். நாதஸ்வரம் வழுக்கி இறங்கியது. உறுமி அழகாகக் காத்திருந்து, கூடவே இறங்கியது. விக்கல் இல்லை.

"எங்கே போச்சு?" என்றார் பாலசுந்தரம்.

"பின்லாந்துக்காரர் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தி அனுப்பிட்டார். அதுக்கப்புறம்தான் சிவமலர் எழுதினது ஃபிஞ்ச்ல சேர்ந்து வெளியே வந்துச்சு. ஊர் உலகத்துக்குப் போனது எல்லாம் திருத்தினது. அதுல விக்காது. விக்குறது ரெண்டே மெஷின். பாட்டு பாதியில இருந்துச்சு, முடிச்சப்புறம் மாத்திக்கலாம்னு சிவமலர் தன்னோடதுல மட்டும் திருத்தாம விட்டுட்டா. இன்னொண்ணு அவர் சோதிச்ச மெஷின், பின்லாந்துல இருக்கு." குணேஸ்வரி ஜெயராஜை நேராகப் பார்த்தாள். "நீங்க எதுலருந்து எடுத்தீங்க?"

"கிள்ளான்லருந்து பின்லாந்துக்கு பஸ் இல்லை அங்கிள்" என்றான் நாகையா. "கண்டக்டரா இருந்தவன் சொல்றேன்."

ஜெயராஜ் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது அவர் அதிர்ஷ்டம். அவர் பார்த்து உட்காரவில்லை.

"டேப்பை வெட்டி ஒட்டினேன்" என்றார் கடைசியில். "ரீஜென்ட்ல துண்டு துண்டா அடுக்கினேன். விக்கலையும் சேர்த்து."

"ஏன்யா?" என்றார் பாலசுந்தரம். "உனக்கு என்ன, வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும்ணே. அதான் விஷயம்." ஜெயராஜின் குரல் இறங்கிவிட்டது. இப்போது நடிப்பு இல்லை. "சின்ன வயசுலருந்து கோயில்ல நாதஸ்வரம் ஊதினவன் நான். இளைப்பு வந்துச்சு. டாக்டர் ஊதக்கூடாதுன்னுட்டார். சரி, மெஷினை ஊத வைப்போம்னு இந்த ரீஜென்ட்டை வாங்கினேன். பியானோ வாசிக்குது, வயலின் வாசிக்குது. நம்ம வழுக்கல் மட்டும் வரலை. கம்பெனிக்கு ஃபேக்ஸ் போட்டேன். மூணு வருஷமாப் போட்டேன். 'உங்கள் மேலான யோசனைக்கு நன்றி'ன்னு ஒரே பதில். அன்னிக்கு இந்தப் பொண்ணு டேப்பைப் போட்டுச்சு. நான் ஊதின மாதிரியே இருந்துச்சுண்ணே. 'எப்படிம்மா செஞ்சே?'ன்னு கேட்டேன். 'அதுல இல்லை அங்கிள், நானே எழுதிச் சேர்த்துக்கிட்டேன்'னு சர்வசாதாரணமாச் சொல்லுது. நான் மூணு வருஷம் வாசல்ல நிக்கிறேன். இது உள்ளே போய் எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. பொறுக்கலை."

பாலசுந்தரம் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார்.

"போலீசுக்குப் போன் போடட்டுமா?" என்று பாலசுந்தரம் சிவமலரைக் கேட்டார்.

சிவமலர் மேசையிலிருந்த போனை ஜெயராஜ் முன்னால் நகர்த்தினாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. "போலீஸ் வேணாம். என்னைத் திருடின்னு சொல்ல எத்தனை பேருக்குப் போன் போட்டீங்களோ, அத்தனை பேருக்கும் மறுபடி போடுங்க அங்கிள். இப்பவே. நான் இங்கயே உக்காந்திருப்பேன்."

சாயங்காலம்வரை ஜெயராஜ் போன் போட்டார். ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததைச் சொன்னார். ரேடியோ அக்காவிடம் சொல்லும்போது அவருக்கு இளைப்பு வந்தது. சிவமலர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் முடிந்ததும் சிடியை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"ஃபிஞ்ச் எல்லாருக்கும்தான். நீங்களும் எடுத்துக்கலாம். பாட்டு மட்டும் என்னுது."

*

ஆல்பம் சிவமலர் பெயரோடு வெளிவந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார்கள் குணேஸ்வரியும் நாகையாவும். மதியச் சாப்பாட்டு நேரம். தூண் இறக்கும் இயந்திரம் ஓய்ந்திருந்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சிவமலர். அவள் பக்கத்தில், காலிலிருந்து கழற்றிய சப்பாத்தை ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டு, ஜெயராஜ்.

"மேடம், வழி மாறி வந்துட்டோமா?" என்று நாகையா முணுமுணுத்தான்.

"தானா வந்து நின்னார்க்கா" என்றாள் சிவமலர், திரும்பாமலே. "சிடியைப் போட்டாராம், ஓடலையாம். விரட்டிவிடலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள என் பாட்டுல ஒரு தப்பு இருக்குன்னுட்டார்."

"இருக்குது" என்றார் ஜெயராஜ். "ரெண்டாவது சரணத்துல நாதஸ்வரம் மூச்சே எடுக்காமப் போகுது. எந்த மனுஷனும் அவ்வளவு தூரம் ஊத முடியாது. ஊதினா ஆள் செத்துடுவான்."

சிவமலர் அந்த இடத்தை மறுபடி கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். ஆங்கில எழுத்துகள் வரிவரியாக ஓடின. "எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் மூச்சு வாங்கணும்?"

"அது பாட்டைப் பொறுத்து. மேல் சுரத்துல நின்னா சீக்கிரம் தீர்ந்துடும். கீழே நின்னா கொஞ்சம் தாங்கும்."

அவள் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். ஜெயராஜ் திரையையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் வாழைப்பழம் வைக்க இடமில்லாமல் நாகையா கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"போடுறேன், கேளுங்க."

நாதஸ்வரம் மேலே ஏறியது. நின்றது. ஒரு சின்ன இடைவெளி. அதில் காற்றை உள்ளே இழுக்கும் ஒலிகூட மெலிதாகக் கேட்டது. பிறகு வழுக்கி இறங்கியது.

ஜெயராஜின் தோள்கள் அந்த இடைவெளியில் தாமாக உயர்ந்து இறங்கின. கன்னங்கள் உப்பின. அவர் கைகள் மேசைக்குமேல் இல்லாத குழலைப் பிடித்திருந்தன. விரல்கள் துளை துளையாக மூடித் திறந்தன. ஒரு சரணம் முழுவதையும் அப்படியே ஊதி முடித்தார். அவருக்கு இளைக்கவே இல்லை.